வெள்ளையில் இறங்கச் சொன்னது நான்தான்

எனக்கே வழி தெரியாத ஊரில்கூட யாராவது வந்து வழி கேட்டால் நான் சொல்லிவிடுவேன். லெஃப்ட்டுல போய் ரைட்டுல திரும்புங்க என்று கையை வேறு நீட்டுவேன். "தெரியலன்னு ஒரு வார்த்தை சொன்னா வாயிலேர்ந்து முத்து உதிர்ந்துடுமா உனக்கு?" என்று வீட்டுக்காரர் கேட்பார். கேட்டுக் கேட்டு அவருக்கே அலுத்துப்போய்விட்டது.

என் தம்பி அதற்கு நேர்மாறு. எதையும் கேட்டுவிட்டுத்தான் செய்வான். என்னைவிட ஆறு வயது சின்னவன். அப்பா சீக்கிரம் போய்விட்டார், அம்மா விடிவதற்குள் உப்பளத்துக்குக் கிளம்பிவிடுவாள், அதனால் அவனுக்கு எதற்கும் நான்தான். பாலிடெக்னிக்கில் எந்த குரூப் எடுக்கலாம், புனாவில் கிடைத்த வேலைக்குப் போகலாமா, ஆஸ்திரேலியாவுக்கு விசா போடலாமா, எல்லாம் என்னிடம்தான். அந்த ஊர்க் குளிருக்கு எந்த ஜாக்கெட் வாங்குவது என்றுகூடக் கேட்டான். மரக்காணத்தைவிட்டுச் சென்னையைத் தாண்டாத நான் அதற்கும் பதில் சொன்னேன். உள்ளே பஞ்சு வைத்தது வாங்குடா, கழுத்து வரைக்கும் ஜிப்பு இருக்கணும் என்றேன். வாங்கிப் போட்டுக்கொண்டு போட்டோ அனுப்பினான்.

அங்கே கோதுமை அறுக்கிற பெரிய மிஷின்களை ரிப்பேர் செய்கிற வேலை அவனுக்கு. கடல் பக்கமே இல்லாத, அந்த நாட்டின் உள்பக்கத்துத் தட்டையான ஊர். மூணு வருஷம் ஒழுங்காகத்தான் இருந்தான். நாலாவது வருஷம் ஒரு வீடியோ அனுப்பினான். அலுமினியக் குழாயில் முக்கோணமாகத் துணி கட்டி, அதன் அடியில் ஒருவன் தொட்டிலில் குப்புறப் படுத்த மாதிரி தொங்கிக்கொண்டு ஆகாயத்தில் போகிறான். இன்ஜின் கிடையாது, உட்கார சீட்டு கிடையாது. சின்ன விமானம் ஒன்று கயிற்றால் இழுத்துக்கொண்டு போய் மேலே விட்டுவிடுமாம். அப்புறம் அவன் பாடு. யாருடா இந்தப் பைத்தியக்காரன் என்று கேட்டேன். "நான்தாங்க்கா" என்றான்.

ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. இவ்வளவு கொழுப்பு உனக்கு எங்கேர்ந்து வந்துச்சு என்று திட்டி மெசேஜ் மட்டும் போட்டேன். அவன் என்ன செய்தான் தெரியுமா? "பறக்கலாமா வேணாமா, நீ சொல்லுக்கா. வேணாம்னா விட்டுடறேன்" என்று அனுப்பினான். வேண்டாம் என்றுதான் எனக்கு நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் அந்த வீடியோவை நாலு தடவை பார்த்திருந்தேன். சின்ன வயதில் கால்வாய்ப் பாலத்தைத் தாண்டவே என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அழுதவன் அவன். "பறடா, பாத்துப் பற" என்றேன். அதற்கும் அனுமதி கொடுத்தது நான்தான்.

போன ஜனவரியில், பொங்கல் முடிந்த கையோடு, அந்த ஊரில் போட்டி வைத்தார்கள். ஒரு வாரப் போட்டி. தினமும் காலையில் ஒரு பாதை போட்டுக் கொடுப்பார்கள். இந்த ஊரைத் தொட்டு, அந்த ஊரைத் தொட்டு, நூறு கிலோமீட்டருக்கு மேல் போய் ஒரு இடத்தில் இறங்க வேண்டும். வெயிலில் தரை சூடேறி மேலே எழும்புகிற காற்றைத் தேடிப் பிடித்து, அதிலேயே சுற்றிச் சுற்றி உயரம் ஏறிப் போவார்களாம். காற்று கிடைக்காவிட்டால் வழியில் எங்காவது இறங்க வேண்டியதுதான். ஒவ்வொருவர் உடம்பிலும் ஒரு கருவி கட்டிவிடுவார்கள். அது அவன் எங்கே இருக்கிறான், எவ்வளவு உயரத்தில் இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். நம் போனிலேயே மேப்பில் ஒரு புள்ளியாகப் பார்க்கலாம். அவனுடையது ஆரஞ்சுப் புள்ளி.

முதல் இரண்டு நாளும் நன்றாகத்தான் போனது. மூணாம் நாள் காலை அஞ்சரை மணிக்குப் போன் வந்தது. அங்கே அப்போது மணி பதினொண்ணு. நான் உப்பளத்துக்குக் கிளம்ப டப்பாவில் புளிசாதம் போட்டுக்கொண்டிருந்தேன்.

"அக்கா, இன்னிக்கு ரூட் போட்டுட்டாங்க. மேப் அனுப்பியிருக்கேன் பாரு. நடுவுல இருபது கிலோமீட்டர் காடு. எறங்கறதுக்கு ஒரு எடம் கெடையாது. அதுல ஒரு வெள்ளை தெரியுதா?"

இடது கையால் போனில் மேப்பைப் பெரிசாக்கிப் பார்த்தேன். எங்கும் கரும்பச்சை, நடுவில் பளிச்சென்று ஒரு வெள்ளைத் திட்டு.

"தெரியுது. இன்னாடா அது?"

"உப்பு ஏரிக்கா. தண்ணி வத்திப்போய் உப்பு மட்டும் கெடக்குது. அதுல எறங்காதீங்கன்னு மீட்டிங்ல என்னமோ சொன்னாங்க. வேகமா சொல்லிட்டுப் போயிட்டான், எனக்குச் சரியாப் புரியல. நீ இன்னா சொல்ற?"

"உப்பா? அப்புறம் இன்னாடா யோசனை? உப்புத் தரை சிமெண்ட் கணக்கா இருக்கும். மரம் கெடையாது, கரண்டுக் கம்பி கெடையாது. வெள்ளைக்காரனுக்கு உப்பைப் பத்தி இன்னா தெரியும், பாக்கெட்டுல வாங்கறவன். நீ காட்டுல போய் மாட்டிக்காத. அந்த வெள்ளை ஓரமாவே போ. தாழ்ந்துட்டா அதுலயே எறங்கு."

"சரிக்கா" என்றான். டப்பாவை மூடினேன். மொத்தம் இரண்டு நிமிஷம்கூட இருக்காது அந்தப் பேச்சு.

எங்கள் உப்பளம் கால்வாய்க்கு அந்தப் பக்கம். ஜனவரியில் உப்பு இருக்காது, வேலை மட்டும்தான் இருக்கும். மழையில் பாத்தியெல்லாம் கொழகொழவென்று கிடக்கும். தண்ணீரை இறைத்து, வண்டலை அள்ளிப் போட்டு, கொஞ்சம் காயவிட்டு, ஆட்கள் வரிசையாக நின்று குதிகாலால் மிதிப்பார்கள். மிதித்துக் காயவிட்டு மறுபடி மிதிப்பது. தரை இறுகி, நடந்தால் சத்தம் கேட்கிற வரைக்கும் விடமாட்டோம். அதற்கப்புறம்தான் கடல்தண்ணீரை உள்ளே விடுவது. அன்றைக்கும் எட்டு பேர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் கண்ணெதிரே மிதித்துக்கொண்டிருந்தார்கள். நான் வரப்பில் நின்று அவர்களையும் பார்த்தேன், போனையும் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஏழரை மணிக்குப் புள்ளி கிளம்பியது. பக்கத்தில் எழுதியிருக்கிற எண் ஏறிக்கொண்டே போனது. ஆயிரம் மீட்டர், ஆயிரத்து ஐநூறு, ரெண்டாயிரத்துக்கும் மேலே. ஒன்பது மணிக்கு அவன் ஏழாவது இடத்தில் போய்க்கொண்டிருந்தான். அம்பது பேரில் ஏழாவது! நான் கத்திய கத்தலில் மிதித்துக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். வீட்டுக்காரர் மோட்டார் கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, ஜெயிச்சிட்டானா?"

"ஜெயிப்பான், ஜெயிப்பான். நீங்க பைப்பைப் பாருங்க."

ஆட்களில் ஒரு அக்கா, அனுமந்தையிலிருந்து வருகிறவர், சேற்றுக் காலோடு வரப்பேறி வந்து போனைப் பார்த்தார். "இந்தப் பொட்டுதான் உன் தம்பியா?" என்று கேட்டுச் சிரித்தார். ஆமாம்க்கா, என் தம்பிதான் என்று பெருமையாகச் சொன்னேன்.

பத்து மணிக்கு மேல் அவன் காட்டுக்குள் நுழைந்தான். எண் குறைய ஆரம்பித்தது. ஆயிரத்து அறுநூறு. ஆயிரத்து இருநூறு. ஒரு இடத்தில் சுற்றினான், ஏறவில்லை. இன்னொரு இடத்தில் சுற்றினான், இன்னும் கொஞ்சம் இறங்கினான். மற்ற புள்ளிகளெல்லாம் வடக்கே சுற்றிக்கொண்டு போயின. இவன் மட்டும் தெற்கே, அந்த வெள்ளைப் பக்கமாகத் திரும்பினான்.

அப்போதுகூட எனக்குப் பயம் வரவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோஷம்தான் வந்தது. "பாருங்க, நான் சொன்ன பக்கமாத்தான் போறான்" என்று வீட்டுக்காரரிடம் கத்தினேன்.

எங்கள் உப்பளத்தில் சிக்னல் ஒரு இடத்தில் வரும், ஒரு இடத்தில் வராது. புள்ளி நின்று நின்று நகர்ந்தது. சனியன் பிடித்த போன் என்று திட்டிக்கொண்டே அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நடந்தேன். வரப்பு திரும்புகிற இடத்தில் திரும்பவில்லை, குறுக்கே அடுத்த பாத்தியில் கால் வைத்தேன். அது இன்னும் மிதிக்காத பாத்தி. ரெண்டு நாள் வெயிலில் மேலே காய்ந்து, போன வருஷத்து உப்பு வெள்ளையாகப் பூத்து, பார்க்கக் கெட்டியாக இருந்தது. கால் அந்த மேல்தட்டை மளுக்கென்று உடைத்துக்கொண்டு கெண்டைக்கால் வரைக்கும் உள்ளே போய்விட்டது. இழுத்தேன். செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது, கால் மட்டும் கறுப்பாக வெளியே வந்தது.

அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன். 

உப்புத் தரை கெட்டி என்று நான் சொன்னேனே, எது கெட்டி? நாங்கள் வருஷா வருஷம் மிதித்து இறுக்குகிற தரை கெட்டி. எங்கள் அம்மா மிதித்த தரை கெட்டி. பிறந்ததிலிருந்து அந்தத் தரையில்தான் நடந்திருக்கிறேன். உப்பு என்றாலே கெட்டி என்று நினைத்துவிட்டேன். அந்த ஏரியை எவன் மிதித்தான்? யாரும் இல்லாத காட்டுக்கு நடுவில், தானாக வற்றி, தானாகக் காய்ந்து கிடக்கிற வெள்ளை அது. மேலே அப்பளம் கனத்துக்கு உப்பு. அடியில் என்ன இருக்கிறது, எவ்வளவு ஆழம் இருக்கிறது, யாருக்குத் தெரியும்? அந்த ஊர்க்காரனுக்குத் தெரியும். அவன் இறங்காதே என்று சொன்னான். நான்தான் இறங்கு என்றேன்.

போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி போட்டேன். வாட்ஸ்அப்பில் "வெள்ளையில் இறங்காதே" என்று எழுதினேன். நாலு தடவை தப்பாக அடித்தேன். ஒரே ஒரு டிக். பறக்கிறபோது அவன் போனைப் பைக்குள் வைத்து ஜிப்பு போட்டுவிடுவான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதிக்கொண்டே இருந்தேன். இறங்காதே, இறங்காதே, மரத்திலேயே போய் விழு, பரவாயில்லை, வெள்ளையில் இறங்காதே.

எண் எழுநூறு ஆனது. நானூறு ஆனது. வெள்ளைக்கு மேலே வந்துவிட்டான். ஓரத்திலாவது இறங்குடா, ஓரத்திலாவது இறங்குடா என்று சத்தமாகவே சொன்னேன். அவன் ஓரமாக இறங்கவில்லை. நட்டநடுவில், நல்ல அகலமான இடம் பார்த்து, அழகாக ஒரு சுற்றுச் சுற்றி இறங்கினான். நூறு. நாற்பது. அப்புறம் எண் நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் ஆரஞ்சுப் புள்ளி சாம்பல் நிறமாக மாறியது. கருவியிலிருந்து தகவல் வரவில்லை என்றால் அப்படி மாறும் என்று அவனே எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தான்.

நான் எப்படிக் கத்தினேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. வீட்டுக்காரர் ஓடி வந்தார்.

"இன்னாச்சு? பாம்பு கடிச்சிடுச்சா?"

"தம்பி சேத்துல எறங்கிட்டான்ங்க. நான்தான் எறங்கச் சொன்னேன்."

அவருக்குப் புரியவில்லை. போனை வாங்கிப் பார்த்தார். "வெள்ளையாத்தான இருக்குது, உப்புதான? கெட்டியா இருக்கும், பயப்படாத" என்றார். காலையில் நான் பேசிய அதே பேச்சு. எனக்கு வந்த கோபத்தில் அவரை அந்தச் சேற்றிலேயே தள்ளியிருப்பேன். சேறாகிக் கிடந்த காலை அவர் முகத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினேன். "அதை எவன்ங்க மிதிச்சான்? எவன் மிதிச்சான் சொல்லுங்க" என்றேன். அவர் காலைப் பார்த்தார், போனைப் பார்த்தார். அப்புறம் போனைத் திருப்பி என் கையில் வைத்தார். 

அவன் அந்தத் துணி இறக்கையில் எப்படித் தொங்குவான் என்று எனக்குத் தெரியும். நெஞ்சிலிருந்து பாதம் வரைக்கும் பை மாதிரி ஒன்றை மாட்டி, அதைக் கொக்கியால் மேலே இணைத்திருப்பார்கள். இறங்குகிறபோது காலை வெளியே எடுத்து நின்று ஓட வேண்டும். கால் சேற்றில் மாட்டினால் எப்படி ஓடுவான்? மேலே இருக்கிற பாரம் முன்பக்கமாகச் சாயும். அதோடு சேர்ந்து இவனும் குப்புற விழுவான். கொக்கியைக் கழற்றக் கை வர வேண்டுமே. முகம் சேற்றில் இருந்தால்? எங்கள் ஊர்ப் பக்கத்துக் கழுவெளிச் சதுப்பில் ஒரு தடவை மாடு ஒன்று மாட்டி, பத்து பேர் கயிறு கட்டி இழுத்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த மாட்டின் கண் எனக்கு ஞாபகம் வந்தது. வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன், போகவில்லை.

அந்த நேரம் பார்த்து அம்மா போன் செய்தாள். கோட்டக்குப்பத்தில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தாள்.

"தம்பி இன்னிக்குப் பறக்கறான்னியே, எங்க இருக்கறான்?"

"நல்லா இருக்கான்மா. அப்புறம் பேசச் சொல்றேன்."

"உன் கொரல் ஏன் ஒரு மாதிரி இருக்குது?"

"வெயில்மா. தொண்டை காஞ்சுபோச்சு." வைத்துவிட்டேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியிருந்தால் உடைந்திருப்பேன்.

போட்டியின் இணையப் பக்கத்தில் கீழே, ஆபத்து என்றால் செய்தி அனுப்ப ஒரு எண் போட்டிருந்தது. என் இங்கிலீஷ் பிளஸ் டூவோடு நின்றுவிட்ட இங்கிலீஷ். வெட்கம் பார்க்கிற நேரமா அது? "மை பிரதர் இன் சால்ட். சால்ட் இஸ் சாஃப்ட். ப்ளீஸ் கோ ஃபாஸ்ட்" என்று அடித்து, அவன் போட்டி எண்ணையும் போட்டு அனுப்பினேன். இரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது. அவர்களும் பார்த்துவிட்டார்களாம், வண்டி போய்க்கொண்டிருக்கிறதாம், ஆனால் காட்டுப் பாதை என்பதால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகுமாம். கவலைப்படாதீர்கள் என்று எழுதியிருந்தார்கள். நான் கவலையெல்லாம் படவில்லை. நடுங்கிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்காரர் ஆட்களைச் சாப்பிட அனுப்பிவிட்டார். அந்த அனுமந்தை அக்கா மட்டும் போகாமல் என் பக்கத்தில் வரப்பில் உட்கார்ந்தார்.  என் சேற்றுக் காலைத் தண்ணீர் மொண்டு வந்து கழுவிவிட்டார். பதினொன்றரை ஆனது. பன்னிரண்டு ஆனது. வெயில் மண்டையைப் பிளந்தது. சாம்பல் புள்ளி அதே இடத்தில் இருந்தது. நான் அதைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தேன். ஆள் தெரியுமா என்ன? எவ்வளவு பெரிசாக்கினாலும் வெறும் வெள்ளைதான் வந்தது. என்றைக்கோ எடுத்த போட்டோ அது.

நான் சாமியிடம் அதிகம் பேசுகிறவள் இல்லை. அன்றைக்குப் பேசினேன். இனிமேல் எதற்கும் வாயைத் திறக்கமாட்டேன், அவனைக் கொடுத்துவிடு என்றேன். அவன் கால் போனாலும் பரவாயில்லை, கை போனாலும் பரவாயில்லை, ஆள் வேண்டும் என்றேன். அப்படிப் பேரம் பேசியதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

பன்னிரண்டே காலுக்குப் புள்ளி ஆரஞ்சு ஆனது.

"அக்கா!" என்று பக்கத்திலிருந்தவரின் கையைப் பிடித்து நசுக்கிவிட்டேன். அது பழைய இடத்தில் இல்லை. கொஞ்சம், ஒரு எறும்பு நீளத்துக்கு, தள்ளியிருந்தது. மறுபடி சாம்பல் ஆனது. மறுபடி ஆரஞ்சு. இன்னும் கொஞ்சம் தள்ளி. கரையைப் பார்த்து நகர்ந்தது. நடக்கிறவன் இவ்வளவு மெதுவாக நகரமாட்டான். இவன் ஊர்கிறான் என்று எனக்குப் புரிந்தது. படுத்துக்கொண்டு ஊர்கிறான். அடுத்த ஒரு மணி நேரத்தில் அந்தப் புள்ளி என் சுண்டுவிரல் நகம் அளவுக்கு நகர்ந்தது. அதற்குள் நான் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை, எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு தடவை அது நின்றபோதும் அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

ஒன்றரை மணிக்கு முன்பின் தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது. எடுத்தேன். அந்தப் பக்கம் மூச்சு வாங்குகிற சத்தம்.

"அக்கா. நான்தான். கரைக்கு வந்துட்டேன். வண்டி வந்துடுச்சு."

நான் அவனைத் திட்ட ஆரம்பித்தேன். என்ன திட்டினேன் என்று எழுத முடியாது, அவ்வளவு கெட்ட வார்த்தை எனக்குத் தெரியும் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் திட்டி முடித்ததும் நடந்ததைச் சொன்னான். கால் தொடை வரைக்கும் இறங்கிவிட்டதாம். குப்புற விழுந்ததில் வாயெல்லாம் சேறு, கண்ணெல்லாம் உப்பு. எப்படியோ கொக்கியைக் கழற்றி, அந்தத் துணி இறக்கையின் மேலேயே ஏறிப் படுத்து, காலை ஒவ்வொன்றாகப் பிடுங்கியிருக்கிறான். அதற்கே ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. அப்புறம் மல்லாக்கப் படுத்து, கையால் தள்ளித் தள்ளி வந்திருக்கிறான். கருவி அவன் உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டதால்தான் புள்ளி சாம்பலானது. தோல் உரிந்ததைத் தவிர ஒன்றும் இல்லை, ஒரு குழாய் ஒடிந்திருக்கிறது, மாற்றிவிடலாம், நாளைக்குப் பறக்கலாம் என்றான்.

"நீ சரியாத்தாங்க்கா சொன்ன" என்றான். "நான்தான் தப்பு பண்ணிட்டேன். எறங்கின விதம் சரியில்ல. கொஞ்சம் வேகமா எறங்கிட்டேன்."

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "சரி, போய்க் குளி, சாப்பிடு" என்றேன். உயிரோடு கிடைத்துவிட்டான், அப்புறம் என்ன, அவனே தன் தப்பு என்கிறான், போகட்டும் என்று இருந்துவிட்டேன். எவ்வளவு நல்ல அக்கா பாருங்கள்.

மறுநாள் காலை அதே அஞ்சரை மணிக்கு மேப் வந்தது. இந்தத் தடவை வெள்ளை இல்லை. பழுப்பாகப் பெரிய வெட்டவெளி, நடுவில் கோடு கோடாக என்னவோ. கீழே எழுதியிருந்தான்: "மேற்குப் பக்கம் போறோம். இந்தப் பழுப்புல எறங்கலாமா? பாத்து சொல்லுக்கா."

நேற்று வாயெல்லாம் சேறாகி ஊர்ந்து வந்தவன், இன்றைக்கு மறுபடி என்னிடம் கேட்கிறான்.  அது உழுத நிலமா, முள்காடா, கல்லா, எனக்கு என்ன தெரியும்? கெட்டி என்றால் இறங்குவான். வேண்டாம் என்றால் அதற்குப் பயந்து வேறெங்காவது போய் விழுவான். என் வாயிலிருந்து எது வந்தாலும் அவன் அதன்மேல் இறங்கிவிடுவான். நேற்று வரப்பில் உட்கார்ந்திருந்தபோதுகூட நான் இவ்வளவு பயப்படவில்லை.

போன் போட்டேன்.

"எனக்குத் தெரியாதுடா" என்றேன்.

"இன்னாக்கா?"

"நேத்தும் எனக்குத் தெரியாது. அந்த ஏரி நம்ம பாத்தி இல்ல, மிதிக்காத தரை. நீ எறங்கின விதமெல்லாம் சரிதான். தெரியாமலே நான் சொன்னேன், நீ எறங்கிட்ட. உன் மேல ஒரு தப்பும் இல்ல. என் பேச்சைக் கேக்காத. அந்த ஊர்க்காரன் இன்னா சொல்றானோ, அதை ரெண்டு தடவ கேட்டுத் தெரிஞ்சுக்கோ."

 அங்கே யாரோ இங்கிலீஷில் பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"நீ மேப்பைப் பாத்துட்டன்னுதாங்க்கா மேல போறப்ப எனக்குப் பயமே இருக்காது" என்றான். "ஒவ்வொரு தடவயும்."

 நான் அழவில்லை. "வச்சிடறேன், நேரமாச்சு" என்று அவனே வைத்துவிட்டான்.

உப்பளத்துக்குப் போனேன். புள்ளி கிளம்பியது. நேற்று மாதிரி பாய்ந்துகொண்டு போகவில்லை. கூட்டத்துக்குப் பின்னாலேயே, கொஞ்சம் தாழ்வாக, ரோடு போகிற பக்கமாகவே போனது. ஒரு இடத்தில் எல்லாரும் அந்தப் பழுப்புப் பக்கம் திரும்பினார்கள். இவன் திரும்பவில்லை. இரண்டு சுற்றுச் சுற்றினான். எட்டே முக்காலுக்கெல்லாம், பாதையில் கால்வாசிகூடப் போகாமல், ரோட்டோரத்தில் இறங்கிவிட்டான். அன்றைக்கு முதலில் இறங்கியவன் அவன்தான். பட்டியலில் கடைசிக்குப் போய்விட்டான்.

கொஞ்ச நேரத்தில் செய்தி வந்தது. போட்டோ இல்லை, வேறு எதுவும் இல்லை.

"பயமா இருந்துச்சுக்கா. எறங்கிட்டேன்."

நான் அப்படியே வரப்பில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். மிதித்துக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். வீட்டுக்காரர் கொட்டகையிலிருந்து ஓடி வந்து, "இன்னாச்சு, மறுபடியும் இன்னாச்சு?" என்று தோளைப் பிடித்து உலுக்கினார். போனை அவரிடம் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை படித்தார். படித்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.